கருகிய களை ஏன் மறுபடி தளிர்க்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒட்டி ஒரு புல்தரை, அதற்கு அடுத்தாற்போல் கறவை மாடுகள் மேயும் ஒரு புல்வெளி. இரண்டிலும் அகன்ற இலைக் களை ஏறிவிட்டது. புல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்ன 2,4-டி களைக்கொல்லியை வாங்கி வந்து, புல்தரையை முதல் நாள் வெட்டிவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் டேங்குக்கு இரண்டு மூடி என்ற கணக்கில் அடித்திருக்கிறீர்கள். மூன்றாம் நாள் களை முறுக்கிக்கொண்டது, பத்து நாளில் கருகியது, ஆறாவது வாரம் அதே இடத்தில் தளிர் வந்துவிட்டது. இப்போது உங்கள் கேள்வி இரண்டு: அளவை இரட்டிப்பாக்கலாமா? இதைவிட வலுவான மருந்து எது, அதைப் புல்வெளிக்கும் அடிக்கலாமா? இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, இலை செத்தும் வேர் ஏன் சாகவில்லை என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

அளவை இரட்டிப்பாக்காதீர்கள். மருந்தையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நான் வேளாண்மை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டு மைதானப் புல்தரைகளிலும் மேய்ச்சல் புல்வெளிகளிலும் வேலை பார்த்தவன். இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் குறை மருந்தில் இருப்பதில்லை. அடித்த நாள், அடித்த நேரம், அதற்கு முன்னும் பின்னும் புல்வெட்டியை ஓட்டியது, இவற்றில்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: உங்கள் களையின் படமும் புல்லின் படமும் இல்லாமல் எழுதுகிறேன். அதனால் சில இடங்களில் "இப்படியானால் இது" என்றுதான் சொல்ல முடியும். அதோடு எந்த மருந்தை எங்கே அடிக்க அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் இங்கே சொல்வதற்கும் உங்கள் டப்பாவின் லேபிளுக்கும் முரண்பாடு வந்தால் லேபிள் சொல்வதையே கேளுங்கள்.

மருந்து உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். செடியின் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்ற இயக்குநீர் ஒன்று உண்டு. தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைவது, வேர் பிடிப்பது, நுனி நீளுவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நடந்த ஆராய்ச்சிகளில் இந்த ஆக்சினைப் போலவே நடிக்கும் செயற்கைப் பொருட்கள் கிடைத்தன. 2,4-டி, எம்சிபிஏ இரண்டும் அப்படி வந்தவை. போர் முடிந்ததும் விற்பனைக்கு வந்து, தானியப் பயிரிலும் புல்வெளியிலும் களையெடுக்கும் முறையையே மாற்றின. செடி தன் சொந்த ஆக்சினை வேலை முடிந்ததும் கட்டி ஒதுக்கிவிடும், உடைத்துவிடும். இந்தச் செயற்கைச் சரக்கை அவ்வளவு சுலபமாக அதனால் ஒதுக்க முடியாது. "வளர், வளர்" என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மருந்து அடித்த மறுநாள் காலை ஒரு களையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இலைக்காம்பின் மேல்பக்கம் வேகமாகவும் கீழ்ப்பக்கம் மெதுவாகவும் வளர்ந்திருக்கும். அதனால் காம்பு கீழ்நோக்கி வளைந்து இலை கவிழ்ந்து கிடக்கும். தண்டு கயிறு திரித்தது போல முறுகியிருக்கும். சில நாளில் தண்டு வீங்கி வெடிக்கும். உள்ளே உணவு கடத்தும் குழாய்கள் நசுங்கிப்போகும். வாடி, மஞ்சளாகி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் செடி சாகும். இந்த ஆக்சினை அடையாளம் காணும் புரதம் எது என்பது 2005இல்தான் உறுதியானது. அதாவது, அறுபது ஆண்டு பயன்படுத்திய பிறகுதான் மருந்து செடிக்குள் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்று நமக்குத் தெரிய வந்தது.

சரி, புல் மட்டும் ஏன் பிழைக்கிறது? இதில் உறுதியானதையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். புல்லின் இலை குறுகலானது, நெட்டாக நிற்பது, அதனால் அதில் தங்கும் துளி குறைவு. அதன் வளரும் முனை தரையை ஒட்டி, இலை உறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அகன்ற இலைச் செடியிலோ முனை உச்சியில் திறந்து கிடக்கிறது. புல்லுக்குள் மருந்து பயணிப்பது குறைவு, அங்கே போய்ச் சேர்ந்ததையும் புல் வேறு பொருளாக மாற்றிச் செயலிழக்க வைக்கிறது. இவையெல்லாம் உறுதி. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒரே முடிவு இல்லை, புல்லுக்குப் புல் அது மாறவும் செய்கிறது. உங்களுக்குத் தேவையான செய்தி இதுதான்: புல்லின் தாங்கும் திறனுக்கு ஒரு எல்லை உண்டு. அளவை ஏற்றினால், வெயில் கொளுத்தும் நாளில் அடித்தால், காய்ந்து வாடிய புல்லின் மேல் அடித்தால், இப்போதுதான் முளைத்த இளம் புல்லில் அடித்தால், அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். "தேர்ந்து கொல்லும்" என்ற குணம் டப்பாவுக்குள் மட்டும் இருப்பதில்லை. பாதி நம் கையில் இருக்கிறது.

அதனால் முதல் வேலை உங்கள் புல் எது என்று தெரிந்துகொள்வது. அருகம்புல் வகைகள் பொதுவாக 2,4-டியை நன்றாகத் தாங்கும். செயின்ட் அகஸ்டின் புல்லும் சென்டிபீட் புல்லும் அப்படியல்ல. வழக்கமான அளவிலேயே மஞ்சளாகிப் பின்வாங்கும், வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம். மிகத் தாழ்வாக வெட்டப்படும் பென்ட் புல்லும் மென்மையானது. புதிதாக விதைத்த புல்தரை என்றால் குறைந்தது மூன்று நான்கு முறை வெட்டிய பிறகே இந்த மருந்துகளின் பக்கம் போக வேண்டும். மருந்து அடித்த இடத்தில் மறுபடி புல் விதைக்கவும் மூன்று நான்கு வாரம் பொறுப்பது நல்லது.

அடுத்து, களை எது என்பது. முதலில் அது உண்மையிலேயே அகன்ற இலைக் களைதானா என்று பாருங்கள். கோரையைப் புல் என்றும், புல்லைக் கோரை என்றும் எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. தண்டை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து உருட்டினால் போதும். கோரையின் தண்டு முக்கோணம், மூன்று விளிம்பும் விரலில் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டை அல்லது தட்டை. கோரையின் மேல் 2,4-டி அடித்தால் கொஞ்சம் வாடும், கீழே கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஹாலோசல்ஃபூரான் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். அகன்ற இலைதான் என்று உறுதியானால், அடுத்து பார்க்க வேண்டியது அது ஒரு பருவச் செடியா, பல ஆண்டுச் செடியா என்பது. பருப்புக்கீரை, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி மாதிரியானவை விதையிலிருந்து வந்து விதையிட்டுச் சாகும். இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் குறைந்த அளவே இவற்றை முடித்துவிடும், பூத்துக் காய்த்த பிறகு அடிப்பது வீண். மூக்கிரட்டை, பொடுதலை, தொட்டாற்சிணுங்கி மாதிரியானவை வேறு கதை. கீழே பருத்த வேரோ ஓடும் தண்டோ வைத்திருக்கும். மேலே எவ்வளவு கருக்கினாலும் கீழே சேமிப்பு இருக்கும்வரை திரும்ப வரும். நீங்கள் சொன்ன "அதே இடத்தில் தளிர்" என்பதைப் பார்த்தால் உங்கள் களை இந்த இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. தளிரைச் சுற்றி மண்ணைக் கிளறி, கீழே பழைய வேரோடு ஒட்டியிருக்கிறதா அல்லது தனி நாற்றா என்று பார்த்துவிடுங்கள். இது இரண்டு நிமிட வேலை, முடிவு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இப்போது வேர் ஏன் சாகவில்லை என்பதற்கு வருகிறேன். 2,4-டி வேருக்குத் தானாக நடந்து போவதில்லை. இலை சமைத்த சர்க்கரை கீழே போகும் ஓட்டத்தில் ஏறித்தான் போகிறது. அந்த ஓட்டம் நடக்க வேண்டுமானால் இலை வேண்டும், இலை உயிரோடு சில நாள் வேலை செய்ய வேண்டும், செடியும் சர்க்கரையைக் கீழே அனுப்பும் மனநிலையில் இருக்க வேண்டும். நீங்கள் முதல் நாள் புல்லை வெட்டியபோது களையின் இலைகளும் போய்விட்டன. மருந்து படவேண்டிய பரப்பு குறைந்தது. வெட்டுப்பட்ட செடி அடுத்த சில நாள் வேரிலிருந்து சேமிப்பை மேலே இழுத்துப் புது இலை விடும். அதாவது ஓட்டம் தலைகீழாக இருந்த நேரத்தில் அடித்திருக்கிறீர்கள். உச்சி வெயில் அதோடு சேர்ந்தது. வாடிய இலையின் மேல்தோல் இறுகி, துளி உள்ளே இறங்கும் முன் காய்ந்துவிடும். அளவு அதிகமானாலும் இதே கதிதான்: இலையும் குழாயும் சீக்கிரம் கெட்டுப்போனால், மருந்து வேருக்குப் போக வழி அடைபட்டுவிடும். மேலே கருகியது பார்க்கத் திருப்தியாக இருக்கும், கீழே ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் அளவை இரட்டிப்பாக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

எப்போது அடிக்க வேண்டும்? வெட்டி இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும், அடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் வெட்டக் கூடாது. பல ஆண்டுக் களைக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்து, நல்ல இலைப் பரப்பு வந்த பிறகு அடிப்பதே என் வழக்கம். மண்ணில் ஈரம் இருந்து, களை செழிப்பாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். வெப்பம் 15 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 30ஐத் தாண்டும் நாளில் நான் அடிப்பதில்லை. கடுங்குளிர் வரும் ஊர்களில் இலையுதிர்காலம்தான் பொன்னான நேரம், செடி குளிருக்காகச் சர்க்கரையை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கும். குளிர் இல்லாத இடங்களில் நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில், பூ வருவதற்கு முன் அடிக்கலாம். அடித்த பிறகு மழை வந்தால் என்ன ஆகும் என்பது மருந்தின் வடிவத்தைப் பொறுத்தது. எஸ்டர் என்ற வடிவம் இலையின் மெழுகுத் தோலுக்குள் சீக்கிரம் புகும், ஒரு மணி நேரம் போதும். அமைன் உப்பு என்ற மற்றொரு வடிவத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் மழையோ பாசனமோ இல்லாமல் இருக்க வேண்டும். எஸ்டர் இவ்வளவு நல்லது என்றால் அதையே வாங்கலாமே என்று தோன்றும். அது ஆவியாகிப் பக்கத்துச் செடிகளுக்குப் போகும், வெயில் ஏற ஏறக் கூடுதலாகப் போகும். வீட்டுப் புல்தரைக்கு அமைன் உப்புதான் பொருத்தம். அமைன் உப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, கடினத் தண்ணீர் அதற்கு ஆகாது. கால்சியமும் மக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வாளியில் வெள்ளைக் கறை படியும் தண்ணீர் என்றால் மழைநீரையோ மென்னீரையோ பயன்படுத்துங்கள்.

அளவு பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் "டேங்குக்கு இரண்டு மூடி" என்பது அளவே அல்ல. மூடியும் ஒரே மாதிரி இருக்காது, நடையும் ஒரே மாதிரி இருக்காது. இப்படிச் செய்யுங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் இடத்தைக் கயிறு கட்டிப் பிரியுங்கள், 100 சதுர மீட்டர். டேங்கில் வெறும் தண்ணீரை ஒரு கோடு வரை நிரப்பி, வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அந்த இடம் முழுவதும் ஒரு முறை அடியுங்கள். பிறகு அதே கோடு வரை மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். 4 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஹெக்டேருக்கு 400 லிட்டர் வரும், உங்கள் 10 லிட்டர் டேங்க் 250 சதுர மீட்டருக்குப் போதும். லேபிளில் ஹெக்டேருக்கு 2 லிட்டர் மருந்து என்று இருந்தால் 100 சதுர மீட்டருக்கு 20 மில்லி, ஆக டேங்குக்கு 50 மில்லி. இந்த 2 லிட்டர் கணக்குக்காகச் சொன்ன எண்தான், உங்கள் டப்பாவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்குழாயில் அளந்து ஊற்றுங்கள். நாசில் விசிறி மாதிரி விரிகிற தட்டை வகையாக இருக்கட்டும். பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நாசில் மெல்லிய பனிபோலத் தூவும், அது காற்றில் போய்விடும். துளி பெரிதாக, இலை நனைந்து, ஆனால் ஒழுகாமல் இருக்க வேண்டும். ஒரு முறை போன தடத்தில் மறுபடி போனால் அங்கே இரட்டை அளவு. புல்தரையில் கோடு கோடாக மஞ்சள் விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு தடத்துக்கும் குச்சி நட்டுக்கொண்டு நடந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2,4-டி மட்டும் போதுமா என்றால், களையைப் பொறுத்தது. க்ளோவர் மாதிரி மூவிலைப் பயறுக் குடும்பக் களைகளிலும், புளியாரையிலும் தனி 2,4-டி சுமாராகத்தான் வேலை செய்யும். புல்தரைக்கு விற்கும் பல தயாரிப்புகளில் 2,4-டி, மெகோப்ராப், டைகாம்பா மூன்றும் கலந்திருப்பதற்குக் காரணம் இதுதான், ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். புளியாரைக்கும் மரத்தண்டுள்ள செடிகளுக்கும் ட்ரைக்ளோபைர் அல்லது ஃப்ளூராக்சிபைர் நன்றாக இருக்கும், ஆனால் ட்ரைக்ளோபைர் அருகம்புல்லைச் சுடும். கடையில் "களை மருந்து" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கிளைபோசேட்டைக் கொடுத்துவிட்டால் புல்தரையே போய்விடும், அது புல், களை என்று பார்க்காது. டப்பாவில் மூலப்பொருளின் பெயரைப் படித்த பிறகே காசு கொடுங்கள்.

டைகாம்பா கலந்ததைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது மண்ணில் சுலபமாக நகரும், மரத்தின் வேரும் அதை உறிஞ்சும். உங்கள் புல்தரைக்கு மேல் மரக்கிளை பரந்திருந்தால் அதன் வேர் கிளையின் நிழலையும் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைப் பயம் அல்ல. 2011இல் அமெரிக்காவில் அமினோசைக்ளோபைராக்ளோர் என்ற புது மருந்து புல்தரைகளில் அடிக்கப்பட்டு, பக்கத்திலிருந்த ஸ்ப்ரூஸ், பைன் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. அந்த ஆண்டே அதன் விற்பனையை அரசு நிறுத்தியது. புல் நன்றாக இருந்தது, களையும் செத்தது, மரம் போனதுதான் மிச்சம்.

காற்று விஷயத்தில் ஒன்று. பலத்த காற்றில் அடிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். துளிக் காற்றும் இல்லாத அதிகாலையும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் மூடி போட்டது போல நிற்கும். அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை மட்டத்தில் தட்டையாகப் பரவும் காலைப் பொழுதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் மெல்லிய துளிகள் கீழே விழாமல் மிதந்து வெகுதூரம் நகரும். வெயில் கொஞ்சம் ஏறி, இலைகள் லேசாக அசையும் காற்று வந்த பிறகு, அது தோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வீசும்போது அடிப்பதே சரி. தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் 2,4-டிக்கு அசாத்தியமாக நடுங்கும். களைக்கு அடிக்கும் அளவில் நூறில் ஒரு பங்கு பட்டாலும் இலை உருமாறிவிடும்.

இதை நான் என் கையாலேயே கற்றேன். ஆரம்ப காலத்தில் மைதானத்தில் 2,4-டி அடித்த டேங்கை இரண்டு முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அடுத்த வாரம் அதே டேங்கில் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். ஐந்தாம் நாள் நுனி இலைகள் நூலாய்ச் சுருங்கி, நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஃபெர்ன் இலை போல நின்றன. நச்சுயிரி நோய் என்று நினைத்து நான்கு செடியைப் பிடுங்கிப் போட்டேன். பிறகுதான் பாதிப்பு வரிசையின் தொடக்கத்தில் கடுமையாகவும் போகப் போகக் குறைவாகவும் இருந்ததைக் கவனித்தேன். டேங்கிலும் குழாயிலும் தங்கியிருந்தது முதல் செடிகளில் போய், அப்புறம் நீர்த்துப்போயிருக்கிறது. நோய் அப்படி வரிசை கட்டி வராது. அன்றிலிருந்து களைக்கொல்லிக்குத் தனி டேங்க், அதன் மேல் பெயிண்டில் பெரிய எழுத்து. உங்களால் தனி டேங்க் வைத்துக்கொள்ள முடியுமானால் இதைவிட நல்ல செலவு கிடையாது. முடியாவிட்டால் டேங்க், குழாய், நாசில், வடிகட்டி எல்லாவற்றையும் மூன்று முறை அலசி, நடுவில் வீட்டு அம்மோனியா கலந்த தண்ணீரை ஒரு இரவு ஊறவிட்டு வடியுங்கள். ஆனால் அப்படிச் செய்த டேங்கையும் தக்காளிப் பக்கம் நான் கொண்டுபோக மாட்டேன்.

புல்வெளிக்கு வருவோம். அங்கே கேள்வியே வேறு, ஏனென்றால் அதை ஒரு உயிர் தின்னப்போகிறது. முதலில் லேபிளில் மேய்ச்சல் இடைவெளி பாருங்கள். கறவை மாட்டுக்கும் மற்ற மாட்டுக்கும் வெவ்வேறு நாள் இருக்கும், வைக்கோலாக அறுக்க வேறு நாள் இருக்கும். லேபிளில் மேய்ச்சல் நிலம் என்ற சொல்லே இல்லையென்றால் அந்த மருந்தை அங்கே அடிக்காதீர்கள். புல்தரைக்கு என்று விற்பதை மாடு மேயும் இடத்தில் அடிப்பது பெரிய தவறு. இரண்டாவது, நச்சுக் களை இருந்தால் இடைவெளி முடிந்தாலும் போதாது. பச்சையாக இருக்கும்போது மாடு ஒதுக்கும் கசப்புச் செடிகள், மருந்து பட்டு வாடும்போது சுவை மாறி, மாடு தின்னும் நிலைக்கு வந்துவிடும். ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூக் களை இதற்குப் பேர்போனது. அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும், வாடினாலும் காய்ந்தாலும் நஞ்சு போகாது. களை முழுவதும் செத்து மக்கி மறையும்வரை மாட்டை உள்ளே விடக் கூடாது.

மூன்றாவது, பயறுவகைத் தீவனம். புல்வெளியில் க்ளோவர் மாதிரி பயறுச் செடிகள் இருந்தால் அவை களை அல்ல, மாட்டுக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து. வழக்கமான அகன்ற இலைக் களைக்கொல்லி அவற்றையும் கொண்டுபோகும். இதற்காகவே 2,4-டிபி (2,4-DB), எம்சிபிபி (MCPB) என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. அவை அடிக்கும்போது செடிக்குக் கிட்டத்தட்ட நஞ்சே அல்ல, செடிக்குள் போன பிறகு பல களைகள் அவற்றைத் தாங்களே 2,4-டியாகவும் எம்சிபிஏவாகவும் மாற்றிக்கொண்டு சாகும். பயறுச் செடிகளில் அந்த மாற்றம் மந்தமாக நடப்பதால் அவை தப்பிக்கும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், களை தன் நஞ்சைத் தானே சமைக்கிறது.

நான்காவதுதான் நான் அதிகம் கவலைப்படுவது: சாணம். அமினோபைராலிட், குளோபைராலிட், பிக்ளோராம் மூன்றும் புல்வெளியில் அருமையாக வேலை செய்யும். ஆனால் மாட்டின் வயிற்றில் இவை சிதைவதில்லை, சாணத்திலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே வரும். எருக்குழியிலும் மாதக்கணக்கில் தங்கும். அந்த எருவைப் போட்ட இடத்தில் தக்காளி, அவரை, உருளைக்கிழங்கு எல்லாம் சுருண்டுவிடும், பில்லியனில் சில பங்கு இருந்தாலே போதும். 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரின் மக்கு உரம் இப்படிக் குளோபைராலிடால் கெட்டது, பிரிட்டனில் 2008இல் இதே காரணத்துக்காக அமினோபைராலிட் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். நீங்கள் வலுவான மருந்து எது என்று கேட்டால் கடையில் இவற்றில் ஒன்றைக் காட்டக்கூடும். உங்கள் சாணம் தோட்டத்துக்குப் போகிறதென்றால் வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்குகிறீர்கள் என்றால், ஒரு தொட்டியில் எருவைக் கலந்து நான்கு அவரை விதையும், பக்கத்தில் எரு இல்லாத தொட்டியில் நான்கு விதையும் போட்டு மூன்று வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் போலக் குவிந்து சுருண்டால் அந்த எருவைத் தோட்டத்தில் போடாதீர்கள். 2,4-டி இந்த அளவுக்குத் தங்குவதில்லை, உயிருள்ள ஈர மண்ணில் பாதி சிதைய பொதுவாக ஒன்று இரண்டு வாரம்தான் ஆகும். என்றாலும் மருந்து அடித்த புல்லை வெட்டி முதல் சில தடவை தோட்டத்துக்கு மூடாக்காகப் போடாமல், புல்தரையிலேயே விட்டுவிடுங்கள்.

உடல்நலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. உறுதியான ஆபத்து முதலில்: 2,4-டி அமைன் உப்பின் அடர்கரைசல் கண்ணில் பட்டால் நிரந்தரமாகவே பார்வை கெடலாம். கலக்கும்போதுதான் தெறிக்கும், அடிக்கும்போது அல்ல. கண்ணாடியும் கையுறையும் கலக்கும் நேரத்துக்கு மிக முக்கியம். நாய்களின் சிறுநீரகம் இந்த வகை அமிலங்களை மனிதரைவிட மெதுவாக வெளியேற்றும், எனவே முழுதாகக் காயும்வரை நாயும் குழந்தையும் புல்தரைக்கு வரக் கூடாது. விவாதத்தில் இருப்பது புற்றுநோய்க் கேள்வி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் 2,4-டியை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. மனிதரிடையே கிடைத்த சான்று போதுமானதாக இல்லை என்றும் அதே மதிப்பீடு சொன்னது. வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக் கலவையில் இது இருந்ததே என்று கேட்பார்கள். இருந்தது, பாதி 2,4-டி, பாதி 2,4,5-டி (2,4,5-T) என்ற வேறொரு களைக்கொல்லி. அங்கே பெருந்தீங்கு செய்த டயாக்சின் நச்சு 2,4,5-டி தயாரிப்பில் உண்டான கலப்படம். இதையெல்லாம் வைத்து என் முடிவு: தேவையான இடத்தில், தேவையான அளவு, முழு உடை போட்டுக்கொண்டு அடிக்கலாம், முழுப் புல்தரையிலும் ஆண்டுதோறும் வழக்கமாக அடிக்கும் பொருளாக இதை நான் நினைப்பதில்லை. நூறு சதுர மீட்டரில் பத்துப் பதினைந்து செடிதான் என்றால், மழை பெய்த மறுநாள் நீளக் களைக்கொத்தால் வேரோடு எடுத்துவிடுவேன். முப்பது நாற்பது என்றால் செடி செடியாக அடிப்பேன். பூத்திருந்தால் பூவை வெட்டிவிட்டு, இலை தழைத்த பிறகு அடிப்பேன், தேனீ வரும் பூவில் அடிப்பதில்லை.

இன்னொன்று, களை செத்த இடம் வெற்றிடம். அங்கே புல் வராவிட்டால் மறுபடி களைதான் வரும், ஏனென்றால் விதை மண்ணிலேயே காத்திருக்கிறது. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளை மணலோடு கலந்து பாட்டில்களில் புதைத்து வைத்தார். ஒரு பாட்டிலை 2021இல் தோண்டி எடுத்து ஈரம் காட்டியபோது அதிலிருந்து வெர்பாஸ்கம் என்ற அகன்ற இலைச் செடி முளைத்தது. உங்கள் புல்தரையில் க்ளோவர் மட்டும் செழித்தால் மண்ணில் தழைச்சத்து குறைவு என்று அர்த்தம். தரையோடு படரும் செடிகள் நடைபாதை ஓரத்தில் மட்டும் இருந்தால் மண் இறுகியிருக்கிறது, முள்கரண்டியால் குத்திக் காற்றோட்டம் கொடுங்கள். புல்லை மொட்டையடிப்பது போல வெட்டுவதை நிறுத்தி, ஒரு முறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். புல் உயர்ந்து அடர்ந்தால் தரையில் விழும் வெளிச்சம் குறைந்து, பல விதைகள் எழும்பவே எழும்பாது.

உங்களுக்கு இப்போதைய வேலை இது. அந்தத் தளிர்களைத் தொடாமல் விடுங்கள், அந்தப் பகுதியில் மட்டும் புல்வெட்டியை ஓட்டாதீர்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். கையகல இலைப் பரப்பு வந்ததும், முன்பு அடித்து ஆறு வாரம் ஆகிவிட்டதால், லேபிள் மறுமுறை அடிக்க அனுமதிக்கும் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு, மேலே சொன்னபடி அளந்து அதே மருந்தைத் தளிர்களின் மேல் மட்டும் அடியுங்கள். புல்வெளியை அதுவரை தொட வேண்டாம். முறுக்கம் மூன்றாம் நாளைவிட மெதுவாக வந்தால் பயப்படாதீர்கள், எனக்கு அது நல்ல அறிகுறி. நான்கு வாரம் கழித்து ஒரு செடியைத் தோண்டி வேரைக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்பாகிச் சொதசொதவென்று இருந்தால் வேலை முடிந்தது. வெள்ளையாக, கெட்டியாக இருந்தால், அந்த வேர், ஒரு இலை, தண்டின் குறுக்குவெட்டு, பக்கத்தில் உள்ள புல், நான்கின் படமும் டப்பாவில் எழுதியிருக்கும் மூலப்பொருளின் பெயரும் சேர்த்து இங்கேயே போடுங்கள். எந்தக் களை, எந்த மருந்து என்று அப்போது குறிப்பாகச் சொல்கிறேன்.